பொதுக் கொள்கையில் முதுகலை: யாருக்கு உதவும்?

பெயர் செலாயாங் மொத்த விற்பனைச் சந்தை. ஆனால் அது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. சற்றுத் தள்ளினால் சிலாங்கூர். அங்கே கால்வாய் அடைத்தால் செலாயாங் நகராண்மைக் கழகத்திடம் போக வேண்டும். 2020 ஏப்ரலில் கோவிட் காரணமாகச் சந்தை வட்டாரத்தை முள்வேலி போட்டு அடைத்தார்கள். வேலிக்குள் இருப்பவருக்கு அரிசி யார் கொடுப்பது, செலவு யாருடையது? பொதுக் கொள்கை, நிர்வாகம் சார்ந்த முதுகலைப் படிப்பு அலசுவது இப்படிப்பட்ட கேள்விகளைத்தான்.

"படித்தால் அரசாங்க வேலை கிடைக்குமா?" என்பதே நம் பெற்றோரின் முதல் கேள்வி. பிடிடி எனப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு இளங்கலைப் பட்டமே போதும். அதன்பின் தேர்வும் நேர்காணலும்தான். அதற்காக மட்டும் கடன் வாங்கி முதுகலை படிப்பது வீண் செலவு. ஏற்கெனவே நகராண்மைக் கழகத்திலோ மருத்துவமனையிலோ அரசு சாரா இயக்கத்திலோ இருப்பவருக்குத்தான் இது அதிகம் கைகொடுக்கும்.

மலாயாப் பல்கலைக்கழகம் உட்பட சில இடங்களில் படிக்கலாம். இளங்கலைப் பட்டம் இல்லையா? 30 வயதைக் கடந்து, எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமாவும் தொடர்புடைய வேலை அனுபவமும் இருந்தால் 'ஏபெல்' வழி முயலலாம். எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை, முதலில் விசாரியுங்கள்.

கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். வருமான வரியில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவும் உண்டு. பணம் கட்டுமுன் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.