இல்லாத பக்கங்களைச் சுட்டும் இணைப்புகள்

வலைத்தளங்களைப் பேணுவோர் எதிர்நோக்கும் பிரச்சினைகளுள் ஒன்று, தமது தளத்தில் இல்லாத பக்கங்களை நோக்கிப் பிற தளங்களிலிருந்து போலி இணைப்புகள் வந்து குவிவதாகும். பருத்தித்துறையில் ஒரு சனசமூக நிலையம் தன் வாசிகசாலையிலுள்ள பழைய மலர்களையும் சிறு சஞ்சிகைகளையும் இணையத்தில் ஏற்றியுள்ளது எனக் கொள்வோம். சூதாட்டம், மருந்து விற்பனை முதலியவற்றின் பெயர் தாங்கிய முகவரிகள் அத்தளத்தின் பெயரோடு ஒட்டப்பட்டு உலவக் காணும் பொறுப்பாளர் கலக்கமடைவது இயல்பே. ஆயின் இதனை வெறும் தொழினுட்பக் கோளாறாகக் கொள்ளல் போதாது.

ஒரு கட்டுரை பிறரால் எத்துணை எடுத்தாளப்படுகின்றது என்பதைக் கொண்டு அதன் செல்வாக்கை அளக்கும் முறையை 1960களில் யூஜின் கார்பீல்ட் நிலைநிறுத்தினார். 1998இல் கூகிளை நிறுவிய பேஜும் பிரினும் அதே நெறியை வலைப்பக்கங்களுக்கு விரித்தனர். அதன் விளைவாக, வாசகனுக்கு வழிகாட்டும் பயன்பெறுமதி மட்டுமே கொண்டிருந்த இணைப்பு, தேடல் வரிசையில் முன்னேற்றும் பரிவர்த்தனைப் பெறுமதியையும் பெற்றுப் பண்டமாயிற்று. பண்ட உற்பத்திக்குக் கழிவும் உண்டு. காவலற்ற தளங்களுள் நுழையும் நிரல்கள் விளம்பரப் பக்கங்களை உருவாக்கி, அவற்றுக்கு வெளியிலிருந்து இணைப்புகளைப் பெருக்குகின்றன; பக்கங்கள் அகற்றப்பட்ட பின்னரும் இணைப்புகள் எஞ்சுகின்றன. வேறு சில, எக்காலத்தும் இருந்திராத முகவரிகளை இயந்திரங்கள் புனைந்தவை.

எனவே முதலில் அப்பக்கம் மெய்யாகவே இல்லையா என ஆராய்தல் வேண்டும். மனித வாசகருக்கு ‘இல்லை’ எனக் காட்டி, தேடுபொறிக்கு மாத்திரம் விளம்பரத்தைக் காட்டும் ஊடுருவலும் உண்டு. அது கண்டறியப்படின் தளத்தைத் துப்புரவு செய்தலே வழி. இல்லையெனின், வழங்கி 404 என்னும் விடையை அளித்தால் போதுமானது. இருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டதாயின் 410 என்னும் விடை பொருந்தும்.

இவ்வேறுபாட்டின் கனதியை நமது பிரதேசம் நன்கறியும். 1984இல் ஹாட்லிக் கல்லூரி நூலகம் எரியூட்டப்பட்டது. அங்கிருந்து அழிந்த ஒரு நூலைச் சுட்டும் அடிக்குறிப்பும், எழுதப்படாத நூலைச் சுட்டும் அடிக்குறிப்பும் வாசகனை வெறுங்கையோடுதான் திருப்பியனுப்புகின்றன. எனினும் முன்னது வரலாற்றுச் சான்று, பின்னது பொய். கிடைக்காத முகவரிகள் யாவற்றையும் முகப்புப் பக்கத்திற்குத் திருப்பிவிடும் வழக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கி மறைக்கின்றது. தேடுபொறிகளும் அதனை மெய்யான விடையாகக் கொள்வதில்லை.

பிறர் இட்ட இணைப்புகளை ‘ஏற்கவில்லை’ என அறிவிக்கும் கருவியொன்றைக் கூகிள் 2012இல் வெளியிட்டது. காசு கொடுத்து இணைப்பு வாங்கியோருக்கும் தண்டனை அறிவித்தல் பெற்றோருக்குமே அது பெரிதும் உரியது. இல்லாத பக்கத்தை நோக்கிய இணைப்பு தளத்தின் தரவரிசையைத் தாழ்த்துவதில்லை. இந்நிலையில் சம்பளமற்ற தொண்டர்களை அத்தகைய பட்டியல் தயாரிப்பில் ஈடுபடுத்துவது, பிறரது இலாபத்தின் கழிவை அள்ள நமது உழைப்பை இலவசமாக வழங்குவதேயாகும்.

அவ்வுழைப்புக்கு வேறு தேவை உண்டு. அதே பதிவேட்டில் இரண்டொரு வரிகள், ஆய்வுமாணவர் ஒருவரது கட்டுரையிலிருந்து பழைய முகவரியைத் தேடி வந்து ஏமாந்தவையாக இருத்தல் கூடும். சஞ்சிகை இடம் மாற்றப்பட்டுள்ளதே அன்றி அழியவில்லை. அவ்வரிகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்திற்குத் திருப்பிவிடுதல் இயந்திரம் தானே செய்துவிடாத பணி.