காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வரா?

எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்ப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஒட்டினால் இரும்பு கலந்த மட்டச் சரக்கு, சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தச் சோதனையை நம்பி வாங்குவது தவறு. உயர்ந்தது என்று பெயர்பெற்ற 304 என்ற எண்ணுள்ள ரகத்திலும் ஏறக்குறைய 70 சதவீதம் இரும்புதான். துருவைத் தடுப்பது அதோடு சேர்ந்திருக்கும் குரோமியம். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்க ஓர் உருக்கைத் தேடியபோது, சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்ந்த உருக்கு துருப்பிடிக்காததைக் கண்டார். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உலோகத்தை மூடிக்கொள்கிறது. கரண்டி கீறினாலும் கீறிய இடத்தில் படலம் தானாகவே மறுபடி உருவாகிவிடும். இதற்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும்.

காந்தம் காட்டுவது வேறொன்றை. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. அந்த நிக்கல் இரும்பு அணுக்களின் அடுக்கையே மாற்றிவிடுவதால் காந்தம் ஒட்டுவதில்லை. நிக்கல் இல்லாத 430 என்ற ரகத்தில் ஒட்டும். ஆனால் அதிலும் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது. காந்தம் ஒட்டாததுதானே நல்ல ரகம், அப்படியானால் சோதனை சரிதானே என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நிக்கல் விலை அதிகம் என்பதால் 200 வரிசை ரகங்களில் அதைக் குறைத்து மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்க்கிறார்கள். சில மலிவு ரகங்களில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், குரோமியமும் குறைவு. இவற்றிலும் காந்தம் ஒட்டாது. துருவைத் தாங்கும் திறனோ 304-ஐவிடக் குறைவு. மாறாக, நல்ல 304 தகட்டை அழுத்தி ஆழமான பாத்திரமாக்கும்போது, வளைந்த இடங்களில் காந்தம் லேசாக ஒட்டுவதுண்டு. ஆக, காந்தம் மலிவுச் சரக்கை உள்ளே விட்டு, நல்லதைத் தள்ளிவிடுகிறது. இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரங்களிலோ அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும்.

அதற்காக 430-உம் 304-உம் ஒன்று என்று சொல்லவில்லை. உப்பையும் புளிப்பையும் 304 கூடுதலாகத் தாங்கும். தட்டு, கரண்டிக்கு 430 போதும்; புளிக்குழம்பு கொதிக்கும் பாத்திரத்துக்கு 304 நல்லது. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு 304-இன் படலத்தையும் துளைத்து, ஊசிக் குத்துப்போலக் குழிகளை உண்டாக்கும். ஊறுகாயை மாதக்கணக்கில் வைக்கப் பீங்கான் ஜாடியே சரி. கடல்நீர் படும் இடங்களில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316-ஐப் பயன்படுத்துகிறார்கள்.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் உத்தரவை மத்திய அரசு 2024-இல் வெளியிட்டது. கடையில் முதலில் அந்த முத்திரையைத் தேடுங்கள். பிறகு ரகத்தின் எண்ணைக் கேட்டு, அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.