பக்கவாதமும் முருங்கைக் கீரையும்

சேத்தியாத்தோப்பில் கொல்லையில் நிற்கும் முருங்கைக்கும் பக்கவாதத்துக்கும் என்ன சம்பந்தம்? உண்டு!

ரத்தத்தில் 'ஹோமோசிஸ்டீன்' என்ற பொருள் இருக்கிறது. அது மிகுந்தவர்களுக்குப் பக்கவாத அபாயம் அதிகம். அதை மிஞ்சவிடாமல் காப்பவை பி6, பி12, போலிக் அமிலம் ஆகிய 'பி' வைட்டமின்கள்.

தமிழ்நாட்டில் படித்தவர்

1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ்!

சீனாவில் சோதனை

ரத்தக்கொதிப்புள்ள 20,702 பேரைச் சோதித்த முடிவு 2015-ல் வெளியாயிற்று. கொதிப்பு மருந்தோடு போலிக் அமிலமும் சாப்பிட்டவர்களுக்கு முதல் பக்கவாதம் 21 சதவீதம் குறைந்தது. அச்சத்து குறைந்திருந்தவர்களுக்கே பலன் மிகுதி.

முருங்கைக் கீரையிலும் பயறிலும் அச்சத்து உண்டு. வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள். பி12-க்குப் பால், முட்டை, மீன் வேண்டும்.

கீரை உண்கிறோமே என்று கொதிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!