சளியா, ஃபுளூக் காய்ச்சலா?

மழைக்காலம் வந்தால் லயத்து வீடுகளில் தும்மலும் இருமலும் கேட்கத் தொடங்கிவிடும். நாமும் "வெறும் சளிதானே" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சளி வேறு, இன்புளூயன்சா என்னும் ஃபுளூக் காய்ச்சல் வேறு. 1918-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய ஃபுளூ, மலாயாத் தோட்டங்களிலும் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இரண்டும் வைரஸ் கிருமிகளால் வருபவை. சளி மெல்ல மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், மூக்கு ஒழுகும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் பெரும்பாலும் இராது. ஃபுளூவோ திடீரென்று தாக்கும். காலையில் பால் வெட்டப் போனவர் மாலையில் எழ முடியாமல் படுத்துவிடுவார். கடுங்காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடம்பு வலி, வறட்டு இருமல் ஆகியவை அதன் அடையாளங்கள். காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தணிந்தாலும் அசதி இரண்டு வாரம்கூட நீடிக்கும்.

மூக்கு ஒழுகாமல், இருமலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் கொதித்தால் டெங்கியாகவும் இருக்கலாம். அப்போது ஆஸ்பிரின் கொடுக்காமல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று ஃபுளூவோடு பெரட்டுக்குப் போனால், பக்கத்தில் நிற்பவருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். வீட்டிலேயே ஓய்வெடுத்து, நிறையக் கஞ்சியும் வெந்நீரும் குடிப்போம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், ஆஸ்துமாக்காரர் ஆகியோரை முதல் நாளே டாக்டரிடம் காட்டுவோம். மூச்சுத் திணறினாலோ, தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, யாராக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுவோம்.