எல்லைப்புறக் கிராமங்களும் சுற்றுலா வருவாயும்

சுற்றுலாவினால் ஒரு வட்டாரம் அடையும் பயன், அங்கு வருவோரின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவர்கள் தங்கும் நேரத்தையே பெரிதும் பொறுத்ததாகும். கேரளத்தின் தென்கோடியில் தமிழகத்தை ஒட்டியுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். கோவளத்திலிருந்து கன்னியாகுமரி செல்வோர் பலர் இப்பகுதியைக் கடந்து செல்கின்றனரேயன்றி, இங்குத் தங்குவதில்லை. கழக்கூட்டம்-காரோடு புறவழிச்சாலை அமைந்தபின், இவ்வூர்களின் கடைத்தெருக்களைத் தொடாமலேயே எல்லையை நெருங்க இயலும்.

காணத்தக்கவை இல்லாமையால் ஏற்பட்ட நிலையன்று இது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவில் வளாகத்தில், மார்த்தாண்டவர்மா ஒளிந்து உயிர் தப்பியதாகக் கூறப்படும் 'அம்மச்சிப் பலா' உள்ளது. நாராயணகுரு 1888-இல் சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் நெய்யாற்றங்கரையில் அமைந்துள்ளது. பாலராமபுரத்தில், மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில் (1798-1810) தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்களின் கைத்தறி மரபு தொடர்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் நெய்யாறு அணையும் வனவிலங்குச் சரணாலயமும், கழிமுகத்தில் பூவாறு படகுப் பயணமும் உள்ளன. எல்லைக்கு அப்பால் சிதறால் சமணக் குன்று, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி ஆகியவை அண்மையிலேயே அமைந்துள்ளன.

இவற்றுள் பெரும்பாலானவை தனித்தனியே ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்கத்தக்கவை. நகரிலேயே வண்டியையும் உணவையும் ஏற்பாடு செய்துகொண்டு வருபவர் கிராமத்தில் விட்டுச்செல்வது தேநீர்ச் செலவு மட்டுமே. அவரே ஓரிரவு தங்கினால் அறை, உணவு, படகு, ஆட்டோ, வழிகாட்டி ஆகிய அனைத்திற்கும் தேவை எழுகிறது. அத்தொகை பால், வாழை, மரவள்ளி, மீன் விற்போரிடம் மீண்டும் சுழல்கிறது. தறியை நேரில் கண்டவர் நெசவாளரிடமே துணி வாங்கவும் கூடும். ஆகவே சிறு இடங்களை இணைத்து இரண்டு நாள் பயணமாக அமைப்பதே இன்றியமையாத் தேவையாகும்.

இதற்குக் குறுக்கே நிற்பது மாநில எல்லையாகும். 1956 நவம்பர் 1 வரை இவை அனைத்தும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலேயே இருந்தன. அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. இன்று சுற்றுலாத் திட்டங்கள் மாநில அளவில் தனித்தனியே தீட்டப்படுகின்றன. வாடகை வண்டி எல்லையைக் கடக்க உரிய அனுமதி தேவைப்படுகிறது. எனினும் ஒத்துழைப்புக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தமிழகத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது.

கேரளம் 2017-இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலா இயக்கம், உள்ளூர் மக்களின் பங்கேற்பை அடிப்படையாகக் கொண்டதாகும். தமிழும் மலையாளமும் அறிந்த எல்லைப்புற இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவிப்பதும், வீடுகளில் விருந்தினர் அறைகளை ஊக்குவிப்பதும் பெருமுதலீடு வேண்டாத பணிகளே. அதே வேளையில், சரணாலயமும் கழிமுகமும் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பயணிகளை அனுமதித்தால், வருவாய்க்கு ஆதாரமான இயற்கையே சீர்குலையும். அளவறிந்த வளர்ச்சியும் இரு மாநிலங்களின் இணைந்த திட்டமும் கைகூடினால்தான், சாலையில் விரையும் பயணம் கிராம மக்களின் வருவாயாக மாறும்.