மொறுமொறுப்பின் எதிரி தண்ணீர்

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமும் தி.நகர் கடைத்தெருவிலும் வாசலிலேயே அடுப்பை வைத்துச் சிப்ஸ் போடும் கடைகள் உண்டு. மாஸ்டர் சீவுகட்டையைக் காய்ந்த எண்ணெய்க்கு நேர்மேலே பிடித்து நேந்திரங்காயைச் சீவுவார். வில்லைகள் வாணலிக்குள் விழுந்ததும் நுரை பொங்கும். நடுவில் ஒரு கை உப்புத் தண்ணீரை அதே எண்ணெயில் தெளிப்பார், பார்ப்பவர்தான் பதறுவார். சடசடப்பு அடங்கும்போது ஜல்லிக்கரண்டியால் வாரிவிடுவார். அவருக்குக் கடிகாரம் தேவையில்லை, காதே போதும்.

காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்வதால் எழும் சத்தம் அது. தோல் சீவிய வாழைக்காயின் எடையில் சுமார் 65 சதவீதம் தண்ணீர்தான். உருளைக்கிழங்கில் அது 80, பீட்ரூட்டில் 87, வெண்டைக்காயில் 90. நல்ல சிப்ஸில் மிஞ்சுவதோ 2, 3 சதவீதம். மொறுமொறுப்பு என்று நாம் சப்புக்கொட்டுவதெல்லாம் இந்தத் தண்ணீரை வேகமாக விரட்டியதன் பலன்.

170, 180 டிகிரி செல்சியஸில் காயும் எண்ணெய் அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது. ஆவி வெளியே பாய்ந்துகொண்டிருக்கும்வரை எண்ணெயால் உள்ளே அதிகம் புக முடியாது. வாணலியை விட்டு எடுத்த பிறகுதான் கதை மாறுகிறது. வில்லை ஆற ஆற, துளைகளில் மிஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எண்ணெயில் பொரித்த சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாக இருப்பது இப்படித்தான். வாரியவுடன் சூட்டோடு நன்றாக உதறி வடியவிட்டால் கொஞ்சம் குறையும்.

காற்றின் வேலை

வெப்பத்தைக் கொண்டு சேர்ப்பதுதான் எண்ணெயின் முக்கிய வேலை என்றால், அதை வேறொன்றிடம் ஒப்படைக்கலாமே? ஏர் ஃப்ரையர் அதைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய் உருவாக்கிய இந்தக் கருவியை 2010-இல் பெர்லின் மின்சாதனக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்தது. யோசனை அதைவிடப் பழையது. உறைந்த உணவை விமானத்தில் சூடாக்குவதற்காக, விசிறி பொருத்திய அடுப்பை அமெரிக்காவின் வில்லியம் மாக்ஸன் 1945 வாக்கிலேயே செய்துவிட்டார். ஏர் ஃப்ரையரின் பெயரில் பொரியல் இருந்தாலும், உள்ளே நடப்பது சூறாவளி வேகத்தில் சுடுவது.

விசிறி எதற்கு? ஈரமான எந்தப் பொருளின் மேலும் அசையாத, ஆவி நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெப்பம் உள்ளே வருவதையும் ஈரம் வெளியே போவதையும் அது தடுக்கிறது. மொட்டை மாடியில் துவைத்துப் போட்ட துணி, வெயில் மட்டும் அடிக்கும் நாளைவிடக் காற்றும் வீசும் நாளில் சீக்கிரம் உலர்வதுபோல, விசிறி அந்தப் படலத்தைக் கலைத்து வில்லையை உலர்த்துகிறது.

சென்னைக் காற்றிலேயே ஈரம் சொட்டுகிறதே, அதை வைத்து எப்படி உலர்த்துவது? 32 டிகிரி வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள அடையாற்றுக் காற்றை 160 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதிலுள்ள நீராவி குறையவில்லை. அந்தச் சூட்டில் காற்று ஏற்கக்கூடிய ஆவியின் அளவு பல மடங்கு பெருகிவிடுகிறது. ஆனால் கூடையில் வில்லைகளை அடுக்கடுக்காகத் திணித்தால் நடுவில் உள்ளவை தங்கள் ஆவியிலேயே வெந்து துவண்டுவிடும். ஒரே அடுக்காகப் பரப்பி, இடையிடையே குலுக்கிவிட வேண்டும்.

அடுத்தது கனம். ஈரம் நடுவிலிருந்து மேற்பரப்புக்கு ஊர்ந்து வர ஆகும் நேரம், கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வில்லை 1 மில்லிமீட்டருக்குப் பதில் 2 மில்லிமீட்டராக இருந்தால் நேரம் இரட்டிப்பாகாது, ஏறத்தாழ நான்கு மடங்காகும். கத்தியால் நறுக்கிய வில்லைகளில் பாதி கருகியும் பாதி வதங்கியும் வருவதற்கு இதுவே காரணம். சீவுகட்டை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எந்தக் காய் எப்படி?

வாழைக்காய், மரவள்ளி, உருளைக்கிழங்கு ஆகியவை மாவுச்சத்துக் காய்கள். ஈரம் போனதும் மாவுச்சத்து கண்ணாடிபோல் விறைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். கடித்தால் படீரென்று உடையும். 250 கிராம் வாழைக்காயை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவி, மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். மேலே கசிந்த மாவு கழுவப்பட்டு வில்லைகள் ஒட்டாமல் வரும். துணியில் ஒற்றி எடுத்து, இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் பிசிறி, 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். ஏறத்தாழ 100 கிராம் சிப்ஸ் கிடைக்கும். அதில் எண்ணெய் 10 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். வாணலியில் பொரித்திருந்தால் 30 கிராமைத் தாண்டும். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்பதால் 200 கலோரி வரை மிச்சம். வாழைக்காயின் மாவுச்சத்து மட்டும் அப்படியேதான் இருக்கும், ஆகவே சர்க்கரைக்காரர்களுக்கு இது அனுமதிச் சீட்டு அல்ல.

பீட்ரூட், கேரட் வேறு ரகம். மாவுச்சத்து குறைவு, சர்க்கரை அதிகம், தண்ணீரும் அதிகம். 170 டிகிரியில் வைத்தால் உலர்வதற்குள் கருகிவிடும். 140 டிகிரியில் 20, 25 நிமிடம் நிதானமாக உலரட்டும். வெளியே எடுக்கும்போது தொய்வாக இருந்தால் உடனே மறுபடி உள்ளே தள்ள வேண்டாம். சூட்டில் இளகியிருக்கும் சர்க்கரை ஆறிய பிறகே இறுகும். தட்டில் ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கால் கிலோ பீட்ரூட் 40 கிராம் சிப்ஸாகச் சுருங்குவதைக் கண்டு மனம் தளரவும் வேண்டாம், போனது தண்ணீர்தான்.

நிறத்திலும் ஒரு கண் வேண்டும். பொன்னிறமும் வறுத்த மணமும், அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் கூடுவதால் வருபவை. 1912-இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மெயிலார்ட் விவரித்த வினை இது. 120 டிகிரிக்கு மேல் இதே வழியில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உருவாகிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். எண்ணெய் குறைந்ததால் இது இல்லாமல் போய்விடாது. பொன்னிறத்தில் நிறுத்துங்கள், பழுப்பேற விடாதீர்கள். சிப்ஸுக்கான உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சீக்கிரம் கறுக்கும்.

நமுத்துப்போவது ஏன்?

போட்டு முடித்தால் அடுத்த போராட்டம் தொடங்கும். விரட்டிய தண்ணீர் காற்று வழியே திரும்பி வரும். ஈரம் சில சதவீதம் ஏறினாலே விறைத்திருந்த மாவுச்சத்து இளகி, படீர் என்பது சவசவ என்றாகிவிடும். சர்க்கரை நிறைந்த பீட்ரூட் சிப்ஸ் இதில் முதல் ஆள். ஐப்பசி மழையில் தட்டில் திறந்து வைத்தால் காபி ஆறுவதற்குள் நமுத்துவிடும். முழுவதும் ஆறிய பிறகு, இறுக்கமான டப்பாவில் உடனே அடைப்பதே வழி. சூட்டோடு அடைத்தால் தன் ஆவியே காலை வாரும்.

நமுத்தால் போவது சத்தமும்தான். மொறுமொறுப்பை நாம் பாதி காதால் சாப்பிடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004-இல், சிப்ஸ் கடிப்பவர்களின் காதுகளுக்கு அவர்கள் கடிக்கும் சத்தத்தையே ஹெட்ஃபோன் வழியே கூட்டியும் குறைத்தும் அனுப்பினார்கள். சத்தத்தைக் கூட்டியபோது அதே சிப்ஸ் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் தோன்றியது. இதற்கு 2008-இல், வேடிக்கையான ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது.

தொட்டுக்கொள்ள

தொட்டுக்கொள்ளும் பொருளிலும் தண்ணீர் இருக்கிறது. தயிரில் நேரடியாகத் தொட்டால் வில்லை வாய்க்குப் போகுமுன் தொய்ந்துவிடும். இரண்டு கப் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் மூன்று மணி நேரம் தொங்கவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் சென்னை வெயிலுக்குப் புளித்துவிடும். தயிர்ப் புரத வலையில் சிக்கியிருந்த நீர் வடிந்து, வெண்ணெய்போல் கெட்டியாகும். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். கெட்டித் தயிரில் புதினா, இஞ்சி, பச்சை மிளகாயை விழுதாகச் சேர்த்து, கடுகு தாளித்துக் கொட்டுங்கள். வெள்ளரிக்காய் துருவல் வேண்டுமானால் உப்பைப் பரிமாறும்போது போடுங்கள். முன்பே போட்டால் வெள்ளரி நீர்விட்டு எல்லாம் சளசளத்துவிடும்.

தண்ணீரே இல்லாத ஒன்றும் நம் வீட்டு டப்பாவில் இருக்கிறது: நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. எவ்வளவு நேரம் தொட்டு வைத்தாலும் வில்லை நமுக்காது. எண்ணெயைக் குறைக்கத்தானே இவ்வளவு பாடு என்பவர்கள் வேர்க்கடலைத் துவையலைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்துக்கொள்ளலாம்.

மீந்த சிப்ஸ் நமுத்துவிட்டால் 150 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். ஏறிய ஈரம் இறங்கி, பழைய விறைப்பு திரும்பிவிடும். ஆனால் முதலில் முகர்ந்து பாருங்கள். எண்ணெய் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து சிக்கு வாடை அடிக்கத் தொடங்கியிருந்தால், எந்தச் சூட்டாலும் அதை மீட்க முடியாது.