"இன்று என்ன கிழமை?"

செந்துறைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அறுபது வயதுப் பெரியவர் முந்திரித் தோப்பில் பாடுபட்டுவிட்டு வந்து, குளிர்ந்த நீரில் குளிக்கிறார். "இன்று என்ன கிழமை?" என்று கேட்கிறார். மனைவி சொல்கிறாள். ஐந்தே நிமிடம், மறுபடியும் அதே கேள்வி! மறுபடியும்!

பேய் பிடித்துவிட்டதோ என்று வீடே கலங்கும். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. தம் பெயர் தெரிகிறது. பிள்ளைகளைத் தெரிகிறது. புதிதாக நடப்பது மட்டும் மனத்தில் தங்கவில்லை.

இது தற்காலிக முழு மறதி. அமெரிக்காவில் பணியாற்றிய பிஷர், ஆடம்ஸ் என்ற டாக்டர்கள் இதற்குப் பெயர் சூட்டினார்கள். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருகிறது. கடும் உழைப்பு, குளிர்ந்த நீர், அதிர்ச்சிச் செய்தி இதைத் தூண்டலாம். நினைவைப் பதியும் மூளைப் பகுதி சற்று நேரம் வேலை செய்வதில்லை. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளுக்குள், சரியாகிவிடும். அந்த நேரத்து நினைவு மட்டும் திரும்பாது.

ஆனால், "தானே தெளியும்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது! பக்கவாதம், வலிப்பு, சர்க்கரைக் குறைவு ஆகியவையும் இப்படித் தொடங்கலாம். வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பக்கத்தில் இருந்து பார்த்தவரே கூடப் போகவேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டாக்டர் கேட்பார். பெரியவருக்குச் சொல்லத் தெரியாது.